மாப்பிள்ளை ஆடினார், நான் அம்பயர்

எங்கள் காலத்துக் கிரிக்கெட்டில் அம்பயர் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே இரண்டு பேர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஆட்ட வரிசையில் கடைசியில் இருப்பவர்கள்தான் இந்த வேலைக்கு அகப்படுவார்கள். நான் ஒன்பதாவது ஆள். அதனால் காலையில் ஏறும் அந்தக் கோட்டு பெரும்பாலும் தேநீர் நேரத்தில்தான் என்னை விட்டு இறங்கும். கோட்டு எங்கள் கேப்டனுடையது, அவருடைய உயரத்துக்குத் தைத்தது. எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் என்னை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்று நினைத்திருந்தால் அவர்கள்மேல் தப்பில்லை.

சொந்த ஆளுக்குச் சொந்த ஆளே தீர்ப்புச் சொல்லும் இந்த ஏற்பாட்டை யாரும் குறை சொன்னதில்லை. மலாக்காவில் எல்லாக் கிளப்பும் இப்படித்தான் செய்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டம், ஆடுபவர்கள் எல்லாரும் கனவான்கள், கனவான் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு கணக்கு. கனவான்களுக்குத் தங்கச்சி புருஷன் இருப்பான் என்பதை அந்தக் கணக்குப் போட்டவர்கள் யோசிக்கவில்லை. எனக்கு இருந்தார்.

நான் சொல்வது சுதந்திரத்துக்கு முந்தின வருஷம். கடலோரத்துத் திடலில் ஞாயிறுதோறும் ஒருநாள் ஆட்டம் நடக்கும். காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்து மாலை ஆறு மணிக்கு முடியும். ஓவர் கணக்கெல்லாம் அப்போது இல்லை. முதலில் ஆடும் அணி தேநீர் வரைக்கும் அடித்துவிட்டு, போதும் என்று கேப்டன் அறிவித்து மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். அதே திடலில்தான் அந்த வருஷம் மாசியில் சுதந்திரத் தேதியைக் கேட்க ஊரே திரண்டு வந்து நின்றது. எல்லாரும் சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தபோது எங்கள் கேப்டன் மட்டும், பிட்ச்சைப் போட்டு மிதிக்கிறார்களே என்று தவித்துக்கொண்டிருந்தார். தேங்காய் நார்ப் பாயை ஆணி அடித்து இழுத்துக் கட்டி அதன்மேல் ஆடுவோம். அடியில் தரை மேடுபள்ளமானால் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை இப்போது யாராவது விளையாட்டாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். மாநில அணிக்குப் போக வேறு வழியே இருக்கவில்லை. பயிற்சிக்கூடம் கிடையாது, பயிற்றுநர் கிடையாது. மாநில அணி ஆடுவது இரண்டு நாள் ஆட்டம். ஆனால் அதற்கு ஆள் எடுப்பவர்கள் வந்து பார்ப்பது ஒருநாள் ஆட்டத்தை. அதில் இரண்டாவது வாய்ப்பு இல்லை. காலையில் ஒரு பந்தைத் தப்பாக ஆடிவிட்டால் மாலை வரைக்கும் மரத்தடியில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பொறுமையாக ஆடி நூறு எடுக்கிறேன் என்றாலும் நடக்காது, அதற்குள் கேப்டன் கையைக் காட்டி அழைத்துவிடுவார். எங்கள் பையன்கள் வேகமாக ஓடக் கற்றதும், தப்பான பந்தைத் தப்பவிடாமல் அடிக்கக் கற்றதும் இந்த நெருக்கடியில்தான். பயந்துகொண்டே கற்றார்கள் என்று சொன்னாலும் சரிதான்.

அப்படிக் கற்றவர்களில் என் மாப்பிள்ளையைப் போல இன்னொருவரை நான் பார்க்கவில்லை. உறவு என்பதற்காகச் சொல்லவில்லை. தங்கையைக் கட்டுவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னாலேயே அவர் எங்கள் கிளப்புக்கு வந்துவிட்டார். ஜாசின் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் அவர் அப்பா பால் மரம் வெட்டியவர். டவுனில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, ரோடு போடும் இலாகாவில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தார். வந்த புதிதில் பாய்மேல் எகிறும் பந்தை ஆடத் தெரியாமல் வாரம் தவறாமல் நெஞ்சில் அடி வாங்குவார். அடுத்த வருஷம் பின்காலில் போய் நின்று அதே பந்தைக் கையைத் தளர்த்திக் கீழே இறக்கினார். அதற்கடுத்த வருஷம் அதையே பக்கவாட்டில் வெட்டிக் கடல் பக்கத்து எல்லைக்கு அனுப்பினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறைச் சனிக்கிழமைவரை யோசித்து, அடுத்த ஞாயிறு திருத்திக்கொள்வார். பேச்சு மட்டும் வராது. தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று மொத்தமே நாலு வார்த்தைதான் பேசினார். அதில் மூன்று காப்பி நல்லா இருக்கு.

கல்யாணம் முடிந்து அவர்கள் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி வாடகைக்குக் குடியிருந்தார்கள். தங்கைக்கு அது ஐந்தாம் மாதம். அந்தச் சமயத்தில்தான் இலாகாவில் லிப்பிஸ் பேச்சு அடிபட ஆரம்பித்தது.

லிப்பிஸ் என்றால் அன்றைக்கு என்ன அர்த்தம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. மலாக்காவில் எங்களுக்குக் கெடுபிடி தளர்ந்து மூச்சுவிட முடிந்தது. லிப்பிஸ் இருக்கும் பகாங் உள்காடு அப்படி இல்லை. அங்கே ரோடு வேலைக்குப் போகிறவர்கள் துப்பாக்கிக் காவலோடுதான் போக வேண்டும், காவல் இருந்தும் லாரியோடு சுடப்பட்ட கதைகள் வந்துகொண்டே இருந்தன. மாப்பிள்ளை வேலை நாற்காலி வேலை இல்லை. ரோடு எங்கே வெட்டப்படுகிறதோ அங்கே போய் நிற்க வேண்டிய வேலை. லிப்பிஸுக்கு மலாக்காவிலிருந்து ஒருவர் போயாக வேண்டும், அது அவராக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. அவருடைய இலாகாத் துரைதான் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் மூவரில் முக்கியமானவர். மாநிலத்துக்கு ஆடுபவனை வெளியூருக்கு மாற்ற மாட்டார். இது எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் எல்லா இலாகாவிலும் நடந்த வழக்கம். மாநில அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறு தோட்டத் துரைமார் அணியோடு எங்களுக்கு ஆட்டம், அதைப் பார்க்கத் துரை வருகிறார். மாப்பிள்ளை அன்றைக்கு நன்றாக ஆடினால் மலாக்கா, இல்லாவிட்டால் லிப்பிஸ். எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுவதும் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை, பேசாமல் இருந்தபோதும் இதையேதான் நினைத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கை வந்தாள். துக்காங் எமாஸ் ரோட்டுப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

"அண்ணே, நாளைக்கு நீ அந்த வெள்ளைக் கோட்டப் போட்டுக்கிட்டு நிக்காத."

"ஏன்?"

"நீதான் நேர்மை நேர்மைன்னு உயிர விடுவியே. சந்தேகம் வந்தா அவரத்தான் அவுட்டுன்னு சொல்லுவ. ஒனக்கு அப்படி ஒரு புத்தி."

அம்மா அடுப்படியிலிருந்து, "வெரலத் தூக்கிறாதடா" என்றார். அம்மாவுக்குக் கிரிக்கெட் ஒன்றும் தெரியாது. நான் விரலைத் தூக்கினால் மாப்பிள்ளை காட்டுக்குப் போக வேண்டும் என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள், பல தலைமுறையாக மலாயே பேசித் தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டி வம்சம், மலாயில் என்ன விஷயம் என்று வேலிக்கு மேலே எட்டிக் கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் விளக்க, அந்த அம்மாளும் என்னைப் பார்த்து விரலை ஆட்டி வேண்டாம் என்றார். தெருவே சேர்ந்து எனக்கு அம்பயர் வேலை சொல்லிக்கொடுத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் திடலுக்குப் போனதும் முதல் காரியமாகக் கேப்டனிடம் போனேன்.

"மாப்ள ஆடறப்ப நான் நிக்க மாட்டேன். வேற ஆளப் போடுங்க."

"யாரப் போடறது வாத்தியாரே? நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் சுட்டிக்காட்டிய பக்கம் பார்த்தேன். பத்தாவது ஆள் முதல்நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினோராவது ஆள் மறுமுனைக்கு அம்பயர். எட்டாவது ஆளுக்கு எல்.பி., அதாவது ஸ்டம்புக்கு நேரே வரும் பந்தைக் கால் மறித்தால் அவுட் என்ற விதி, சரியாகத் தெரியாது, அது எங்களுக்கெல்லாம் தெரியும். "ஒங்கள யாரும் ஒரு வார்த்த சொல்ல முடியாது. நீங்க தமிழ்ப் பள்ளி வாத்தியாரு. போங்க" என்று கோட்டை எடுத்து என் தோளில் போட்டார். என் நல்ல பெயரே என்னை மாட்டிவிட்டது.

எங்கள் ஆட்டம் முதலில். இரண்டு விக்கெட் சீக்கிரமே விழுந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவர் மட்டையை ஸ்டம்புக்கு நேராக ஊன்ற இடம் கேட்டபோது ஸ்டம்பைப் பார்த்தே கையைக் காட்டினேன். கடல் காற்று அன்றைக்குப் பலமாக அடித்தது. மரத்தடியில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால்மேல் கால், வாயில் பைப்பு.

அதன் பிறகு ஒரு மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு பந்தும் அவர் காலை நோக்கி வருவதாகவே தோன்றியது. அவர் நிதானமாகத்தான் ஆடினார். எகிறும் பந்தை இறக்கினார், அகலமாக வந்ததை வெட்டினார். வேர்த்து ஊற்றியது எனக்குத்தான். சாப்பாட்டு நேரம் வந்தபோது அவர் இருபத்தைந்து தாண்டியிருந்தார். அவுட் கேட்டு எந்த முறையீடும் வரவில்லை. பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு எங்கள் பொறுப்பு. உள்ளூர் அணி விருந்தாளி அணிக்குச் சோறு போடுவது அந்த ஆட்டங்களின் வழக்கம். துரைமாருக்கு மேசை, கரண்டி. நாங்கள் மரத்தடியில் பாய் விரித்து வாழை இலையில் சாப்பிட்டோம். ஆட்டுக்கறி, ரசம், பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் கொடுத்தனுப்பிய அன்னாசிப் பச்சடி. மாப்பிள்ளை கொஞ்சமாகச் சாப்பிட்டார். நான் கோட்டைக் கழற்றவில்லை, கழற்றினால் மறுபடி போட மனசு வராது என்று அப்படியே உட்கார்ந்து இரண்டு கவளம் விழுங்கிவிட்டு எழுந்தேன். அவரும் எழுந்தார். திடலோரத்தில் போய் நின்று, வேறெங்கோ பார்த்தபடி வலது கையை நீட்டினார். நான் கெண்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று மணவறையிலிருந்து இறங்கி வந்தவருக்குப் பெண்ணின் அண்ணன் என்ற முறையில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எப்போது சாப்பிட்டாலும் அவர் எழுந்தால் நான் செம்பை எடுப்பேன். வயதில் சிறியவர்தான், இருந்தாலும் மாப்பிள்ளை. அவர் கை நீட்டியது அவருடைய பழக்கம், நான் ஊற்றியது என்னுடைய பழக்கம். அம்பயர் கோட்டு என் மேல் இருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. தோளிலிருந்த துண்டைக்கூட நீட்டினேன், துடைத்துக்கொண்டார்.

நிமிர்ந்தபோது துரைமார் அணியின் கேப்டன் மேசையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அலோர் காஜா பக்கம் பெரிய தோட்டத்து மேனேஜர் அவர். சிவந்த கழுத்து, காக்கி அரைக்கால் சட்டையைக் கழற்றி அன்றைக்கு மட்டும் வெள்ளைக் கால்சட்டை. எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் வேடிக்கை என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சிறிது நேரத்திலேயே அந்தப் பந்து வந்தது. என் பக்கமிருந்து வீசியவன் இளம் உதவி மேனேஜர், நல்ல வேகம். பந்து பாயில் குத்தி உள்ளே திரும்பியது. மாப்பிள்ளை முன்காலை நீட்டி மட்டையைக் கொண்டுவந்தார். பந்து மட்டையின் உள்விளிம்பை உரசியது. மயிரிழை அளவுக்குத் தடம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் காலில் போய் மோதியது. மட்டையில் முதலில் பட்டால் எல்.பி. இல்லை. ஆனால் காலில் மோதிய சத்தம்தான் பெரிதாக இருந்தது, கடல் காற்றில் மற்றச் சத்தம் எவர் காதிலும் விழுந்திருக்காது. திடலில் இருந்த அத்தனை துரைமாரும் ஒரே குரலில் கையைத் தூக்கிக் கேட்டார்கள்.

"நாட் அவுட்" என்றேன்.

யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீசியவன் என்னைப் பார்த்தான், பிறகு எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த தன் கேப்டனைப் பார்த்தான். அடுத்த பந்தை மாப்பிள்ளை எல்லைக்கு அடித்தார். கைதட்டல் எங்கள் பக்கம் மட்டுமே கேட்டது.

ஓவர் முடிந்ததும் அந்தக் கேப்டன் என்னிடம் வந்தார். தோட்டத் துரைமார் கூலிகளை மேய்க்கத் தமிழ் கற்றவர்கள். ஆனால் 'நீங்கள்' என்று ஒரு சொல் தமிழில் இருப்பதாக அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

"அந்த ஆளு ஒனக்கு யாரு?"

வேண்டுமென்றே ஆங்கிலத்தில், என் தங்கையின் கணவர் என்று பதில் சொன்னேன்.

"நெனச்சேன். தண்ணி ஊத்தினே. கல்யாண வூட்ல பாத்திருக்கேன். பொண்ணு வூட்டுக்காரன்தான் ஊத்துவான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு புதிரை விடுவித்தவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றார். பத்திருபது வருஷம் எங்கள் ஆட்களோடு இருந்து எங்கள் வழக்கங்களை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து வைத்திருந்த மனிதர், அதை இந்த ஒரு நாளுக்காகவே சேர்த்துவைத்திருந்தார்போல.

தண்ணீர் குடிக்க ஆட்டம் நின்றபோது அவர் மரத்தடிக்குப் போய்த் துரையிடம் குனிந்து பேசினார். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. ஓடினால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். எங்கள் கேப்டனுக்குச் சைகை காட்டி வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். எட்டாவது ஆள், எல்.பி. தெரியாதவன், வந்து கோட்டை வாங்கிக்கொண்டான். அதுவும் தப்பாகப் போயிற்று. திருடன் பிடிபட்டதும் மாற்றினார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

அதன் பிறகு மாப்பிள்ளை ஆடியதை மரத்தடியில் நின்று பார்த்தேன். அவர் ஆடிய ஆட்டங்களில் அதுதான் மிகச் சிறந்தது. நடந்த எதையும் அறியாதவர்போல ஆடினார். ஆறேழு வருஷமாக ஞாயிறுதோறும் கற்றது எல்லாம் அன்று ஒரே பிற்பகலில் வெளியே வந்தது. உள்ளே திரும்பிய பந்தைக் காலை நீட்டாமல் மட்டையாலேயே ஆடினார், மறுபடி ஒரு முறையீட்டுக்கு இடமே கொடுக்கவில்லை. தேநீருக்கு முன் கேப்டன் கையைக் காட்டி அழைத்தபோது எழுபதைத் தாண்டி நின்றிருந்தார். இன்னொரு நாளாக இருந்தால் நான் அழுதிருப்பேன்.

தேநீரின்போது துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நாற்காலியிலிருந்து எழவில்லை. அந்த எல்.பி. முறையீட்டைப் பற்றி ஒரு சந்தேகம் என்று ஆங்கிலத்தில் மெதுவாக ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை பேசினார். ஆள் பேசாதவர் என்று சொன்னேனே, அன்றைக்குப் பேசினார்.

"மட்டையில் பட்டது சார். எனக்குச் சத்தம் கேட்டது."

துரை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புன்னகை செய்தார். நீங்கள் குடும்பத்தை நன்றாகக் கவனித்துக்கொள்கிறவர்கள், அது எனக்கு எப்போதும் பிடிக்கும் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தோம். அதற்கு வேறென்ன சொல்ல முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது, ஆட்டம் முடிவில்லாமல் போயிற்று. அந்த வாரமே மாநில அணியை அறிவித்தார்கள். காலி இடத்துக்கு எங்கள் கிளப்பிலிருந்தே, அன்றைக்கு முப்பதுக்குள் அவுட்டான ஒருவரை எடுத்திருந்தார்கள். எங்கள் கேப்டன் மனசு கேட்காமல் துரையின் அறைக்கே போய்க் கேட்டார். நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் அந்த ஓட்டங்களில் எத்தனை அவனுடையவை, எத்தனை அவன் மைத்துனன் கொடுத்தவை என்று எனக்குத் தெரியவில்லை என்றாராம். அதை எங்களிடம் வந்து சொல்லும்போது கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடுத்த மாதம் லிப்பிஸ் மாற்றல் வந்தது.

அம்மா மூன்று நாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தங்கை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். திட்டவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ வெரலத் தூக்கியிருந்தாலே தேவல போலண்ணே."

"பேட்டுல பட்டதும்மா."

"பட்டுருக்கும். நீ அவுட்டு குடுத்திருந்தா, சொந்த மச்சானே குடுத்தான், பாவம்னு அந்த முப்பத வச்சே எடுத்திருப்பாங்க. இப்ப எழுபது எடுத்தும் ஒண்ணுமில்ல." வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "அங்க போறவங்க எல்லாரையுமா சுடறாங்க. நெறைய பேரு திரும்பித்தான் வர்றாங்க" என்றாள். எனக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவர் உயிரோடு திரும்பி வந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவரை அந்த விஷயத்தில் காக்கவைக்க எனக்கு விருப்பம் இல்லை, அந்த இரண்டு வருஷம் நாங்கள் காத்திருந்தது போதும். லாரிச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். குழந்தை பிறந்தது மாப்பிள்ளைக்குத் தெரியவே பல நாள் ஆயிற்று. மலேரியாவில் பாதி உடம்பாகத் திரும்பினார், ஆனால் திரும்பினார். மட்டையை அதற்குப் பிறகு தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைத்தால் வேலை இருக்கிறது என்பார்.

அவர் கிளம்பிய நாள் மட்டும் பாக்கி. மலாக்காவில் அப்போது ரயில் கிடையாது, ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். தம்பின் வரைக்கும் பஸ்ஸில் போய் அங்கே ரயில் ஏற வேண்டும். தங்கையை இந்த உடம்போடு அலைய வேண்டாம் என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டோம். நான் மட்டும் கூடப் போனேன். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பிடிமானம் இருந்தது. ஊர் நம்பாவிட்டால் போகிறது, துரை நம்பாவிட்டால் போகிறது, அந்தப் பந்து மட்டையில் பட்டதை அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயாலேயே துரைமுன் சொன்னாரே, சத்தம் கேட்டது என்று.

தம்பின் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது. இரும்புப் பெட்டியை நான் தூக்கினேன். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க மாப்ள."

"அன்னைக்கு அது நெசமாவே பேட்டுல பட்டுச்சா?"

பெட்டி கையில் கனத்தது.

"நீங்கதானே சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னீங்க?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல மச்சான். காத்து. கால்ல அடிச்சது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்க. அப்பறம் நான் வேற என்ன சொல்றது?"

"பட்டுச்சு மாப்ள. நான் பாத்தேன். சத்தியமா பாத்தேன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்கிற பார்வைதான் அது. பிறகு குனிந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"சரி மச்சான்" என்றார். எங்கள் வீடுகளில் சம்பந்தி வீட்டார் மனசு நோகக் கூடாது என்பதற்காகச் சொல்கிற சரி அது. நானே எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.